ரொட்டிக்கு மூன்று தட்டு

— கட்டையைக் கீழ போடுங்கம்மா. முதல்ல அந்தக் கட்டையை...

— போட மாட்டேன்! பட்டப்பகல்ல பூட்டை உடைச்சு உள்ள வந்துட்டு, நான் கட்டையைக் கீழ போடணுமாம்! நல்லாயிருக்கு நியாயம்!

— உடைக்கலக்கா. துளைதான் போட்டேன். உடைக்கிறதுங்கிறது வேற. நம்ம தொழில்ல அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

— நீ யாருய்யா முதல்ல?

— பூட்டு ரிப்பேர்க்காரன்க்கா. ஐயாதான் போன் பண்ணாரு. உள்ள ஒரு அம்மா விழுந்து கிடக்காங்க, ஓடி வாப்பான்னாரு. சாப்பிட்டுட்டு இருந்தவன், கையைக்கூடக் கழுவாம ஓடி வந்தேன்.

— விழுந்து கிடக்கேனா? என்னைப் பார்த்தா விழுந்து கிடக்கிற மாதிரியா இருக்கு?

— இல்லம்மா. நிக்கிறீங்க. நல்லாவே நிக்கிறீங்க. கவனிங்க, நான் உங்க பக்கத்து வீடு...

— தெரியாமலா! சுவரை இடிக்கிற பக்கத்து வீடு! இத்தனை நாள் சுவரை இடிச்சுப் பார்த்தீங்க, ஆசை அடங்கல, இன்னைக்குக் கதவுக்கே வந்தாச்சு.

— சுவரையா? கவனிங்கம்மா, நான் எங்க...

— நான் ஒண்ணும் கவனிக்க வேண்டாம். நீங்க கொஞ்சம் பேசாம இருந்தாப் போதும்.

— அக்கா, ஐயா மணியை அடிச்சாரு, நான் அடிச்சேன், ரெண்டு பேருமா கதவைத் தட்டினோம். உள்ள ரேடியோ மட்டும் தன்பாட்டுக்குப் பாடிட்டே இருந்துச்சு. வீட்டு ஆள் சத்தம் இல்லாம ரேடியோ மட்டும் பாடினா, நம்ம தொழில்ல அது நல்ல சகுனம் இல்ல. கொஞ்சம் அதை அணைக்கலாமா? கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சு.

— அணைச்சாச்சு. போதுமா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம். அதுக்காக இவ்வளவு சத்தமா நான் வைக்கிற வழக்கம் இல்ல. நேத்துல இருந்துதான் வைக்கிறேன். எதுக்குன்னு இந்த மனுஷனுக்குத் தெரியும்.

— எனக்குத் தெரியாதும்மா.

— தெரியாதாம்! தம்பி, நீ வேலையைப் பாரு. துளை போட்டது நீதானே, இப்ப புதுப் பூட்டு மாட்டிட்டுத்தான் போகணும். கதவைத் திறந்து போட்டுட்டு நான் குளிக்கப் போக முடியுமா?

— மாட்டித் தரேன்க்கா. பையிலயே இருக்கு. ஒரு விஷயம் சொல்லட்டுமா? கடைசி வீட்டுக் கதவு தப்பிச்சுது. முதல்ல நான் அந்தக் கடைசிக் கதவுலதான் கம்பியை விட்டேன். அவசரத்துல ஐயா சொன்னது காதுல சரியா விழல. கம்பி ஏறவே மாட்டேங்குது. என்னடான்னு பார்த்தா உள்பக்கமா சாவி செருகியிருக்கு. அதுக்குள்ள ஐயா ஓடி வந்து, அது இல்லப்பா, நடுவீடு, நடுவீடுன்னு கையைப் பிடிச்சு இழுத்தாரு.

— அது ஆள் இல்லாத வீடு. ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான்.

— நான் குடி வந்ததுல இருந்து அந்தக் கதவு திறந்து பார்த்ததில்ல. அதை விடுங்க. என் கதவுக்கு வாங்க. நான் விழுந்து கிடக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?

— யாரும் சொல்லல. மூணு நாளா நீங்க தட்டல.

— என்ன தட்டல?

— காலையில தட்டுவீங்களே. நான் டீயை ஆத்திக்கிட்டு உட்காருவேன். சரியா அப்ப. டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மூணு. எழுந்தாச்சா, நல்லாயிருக்கீங்களான்னு கேக்கற மாதிரி.

— யாரு கேட்டா? நானா?

— நீங்கதானே அந்தப் பக்கம்.

— ஐயய்ய! யோவ், அது ரொட்டி!

— எது ரொட்டி?

— நான் தட்டுறது ரொட்டியை! வீட்டுல உருண்டை ரொட்டி சுடுறேன். வெந்துடுச்சான்னு பார்க்க அடிப்பக்கத்தைத் தட்டுவேன். உள்ள காலியா இருக்கிற மாதிரிச் சத்தம் வந்தா வெந்துடுச்சு. மந்தமா வந்தா உள்ள இன்னும் பச்சை மாவு. உங்களை எதுக்கு நான் தட்டி விசாரிக்கப் போறேன்? உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

— ...ரொட்டியா.

— ரொட்டிதான்.

— ஐயா, உட்காருங்க. அக்கா, ஐயாவுக்குக் கொஞ்சம் தண்ணி...

— வேண்டாம்ப்பா. ஒண்ணுமில்ல. ரொட்டின்னு தோணவே இல்ல எனக்கு. ஆனா ஒரு நாள் நீங்க அழுதது கேட்டுச்சே. "இந்த அவன் என் உயிரை வாங்குறான், ஒரு பக்கம் கருக்குறான், ஒரு பக்கம் கண்டுக்கவே மாட்டேங்கிறான்"னு கத்தினீங்க. சரி, வீட்டுல யாரோ ஒருத்தன் இருக்கான், உங்களைப் படுத்துறான்னு நினைச்சேன். அதனாலதான் சுவரைத் தட்டி ஆள் தேடுறீங்கன்னு...

— ஹா! அக்கா, யாருக்கா அந்த அவன்?

— சிரிக்காதே தம்பி. அதோ நிக்கிறான் பாரு மூலையில, கண்ணாடிக் கதவு போட்டுக்கிட்டு. ரொட்டி சுடுற மின் அடுப்பு, இங்கிலீஷ்ல அவன். பழைய அவன். இடதுபக்கம்தான் சூடு. நடுவுல ரொட்டியைத் திருப்பி வைக்கணும், இல்லன்னா ஒரு கன்னம் கருகி ஒரு கன்னம் வெளுத்துடும். இந்த வீட்டுல என்னைத் தவிர சூடு இருக்கிறது அது ஒண்ணுக்குத்தான். வேற எவனும் இல்ல.

— நான் போலீஸுக்குச் சொல்லலாமான்னுகூட யோசிச்சேன்மா.

— சொல்லியிருக்கணும். அவனைப் பிடிச்சுட்டுப் போயிருப்பாங்க, நானும் புதுசு ஒண்ணு வாங்கியிருப்பேன்.

— அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். ரொட்டியைத் தட்டினா அடுத்த வீட்டுக்குக் கேக்குமா? பூட்டைத் தட்டினாலே எனக்கு அடுத்த ரூம்ல கேக்காது.

— விரல்ல தட்டினாக் கேக்காது. எனக்கே கேக்காது, காது மந்தம்னு சொன்னேனே. அதனால இந்தச் சுவர்ப் பலகை மேல ரொட்டியைக் கவுத்து வச்சு, இந்தப் பூரிக்கட்டையோட பிடியால தட்டுவேன். பலகையில ஒரு விரலை வச்சுக்குவேன். காது விட்டதை விரல் பிடிச்சுக்கும். இதோ, முந்தாநேத்து ரொட்டி. வெட்டவே இல்ல. பாருங்க.

— எவ்வளவு பெருசு! தலைகாணி மாதிரி இருக்கே.

— டொக், டொக், டொக்.

— அதேதான்! அதேதாம்மா! ஆனா இன்னைக்குச் சத்தம் கொஞ்சம்...

— மந்தமா இருக்கு. உள்ள வேகல. பாதியில எடுத்துட்டேன். எதனாலன்னு கேளுங்க. தம்பி, சும்மா இரு, பலகை ஆடுது.

— நான் எங்கக்கா தட்டினேன்? என் கையில ஸ்க்ரூதான் இருக்கு.

— பலகை மேல இருக்கிற டப்பா ஆடுச்சே இப்ப.

— அக்கா, நீங்க தட்டின தட்டுல ஆடியிருக்கும். இது சாதாரணப் பலகை இல்ல, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மரம். ரெண்டு சுவருக்குள்ளயும் இறக்கிப் பூசியிருக்காங்க. அந்தக் காலத்து வேலை. இதுல எறும்பு நடந்தாக்கூட மூணு வீட்டுக்கும் தெரியும்.

— எதனால பாதியில எடுத்தீங்க?

— உங்களாலதான். வேற யாரால? பயந்துட்டேன். மாவு பிசையறதையே விட்டுட்டேன். சத்தம் பிடிக்கலைன்னா நேர்ல வந்து சொல்லியிருக்கலாம். மனுஷன்னா வாயில்லையா?

— எனக்கா பிடிக்கல? எனக்கா? கவனிங்கம்மா...

— ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் காதைப் பொத்திக்கோங்க. துளையை அகலம் பண்ணணும். ...ம். ஆச்சு. இன்னும் ஒண்ணு. ...ஆச்சு. இப்பப் பேசுங்க, எங்க விட்டீங்க?

— எனக்குப் பிடிக்கலைன்னு சொன்னாங்கப்பா. நான் என்ன வேலை பார்த்தேன்னு தெரியுமா உனக்கு? ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு. "பயணிகளின் அன்பான கவனத்திற்கு." ஆயுசு பூரா அதுதான். சின்ன கண்ணாடி ரூம், ஒரு மைக்கு. என் குரலைக் கேட்டு எத்தனை ஆயிரம் பேர் ஓடியிருப்பாங்க! ஒருத்தர் பதில் சொன்னதில்ல. அறிவிப்புக்கு எவன் பதில் சொல்லுவான்?

— அதான் வார்த்தைக்கு வார்த்தை கவனிங்க கவனிங்கன்னு...

— பழகிப் போச்சும்மா. பொண்டாட்டி இருந்த வரைக்கும் அவளும் அதைத்தான் சொல்லிச் சிரிப்பா. அவ போனப்புறம் வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. குக்கர் வாங்கினதே அது கூப்பிடுங்கிறதுக்காகத்தான். மகள் அவ ஊருக்கு வந்துடச் சொன்னா. நான் சொன்னேன், கவலைப்படாதே, பக்கத்து வீட்டுல ஒரு நல்ல மனுஷி இருக்காங்க, தினமும் காலையில தட்டி விசாரிக்கிறாங்கன்னு. அந்த ஒரு வார்த்தையிலதான் அவ விட்டா. இப்ப அவகிட்ட என்ன சொல்றது? அது ரொட்டிம்மான்னா?

— அட...

— பரவாயில்லை. நான் போறேன். பூட்டு மாட்டி முடிஞ்சா இந்தத் தம்பி சாவி தருவாரு.

— உட்காருங்க.

— இல்லம்மா.

— உட்காருங்கன்னு சொல்றேன்ல! எக்ஸ்ரே ரூம்ல வேலை பார்த்தவ நான். எழுந்திரு, திரும்பு, மூச்சை இழுத்துப் பிடி, அசையாதேன்னா எப்பேர்ப்பட்ட ஆளும் அசைய மாட்டான். நீங்க மட்டும் எழுந்து ஓடுறீங்க.

— எக்ஸ்ரேயா! அதான்க்கா, அறுக்காமலே உள்ள வெந்துச்சா வேகலையான்னு பார்க்கிறீங்க.

— பார்த்து என்ன? எல்லார் நெஞ்சையும் பார்த்தேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தா எலும்பு தெரியும், சளி தெரியும். இவரை மாதிரி ஒருத்தர் சுவருக்கு அந்தப் பக்கம் டீயை ஆத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது எதுல தெரியும்? தம்பி, அந்தப் பிளேடைத் தொடாதே, கையை வெட்டிடும்.

— ரொட்டிக்கு எதுக்குக்கா பிளேடு?

— அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி தலையில ஒரு கீறல் போடணும். போடலைன்னா அது பொங்கும்போது போக வழி இல்லாம, தனக்குத் தோணின இடத்துல வெடிச்சுக்கும். மனுஷங்க மாதிரிதான். அப்புறம் இரும்புச் சட்டியில போட்டு மூடி வச்சு, தன் ஆவியிலயே வேகவிட்டு, கடைசியில மூடியை எடுத்துடணும். அப்பத்தான் மேல்தோல் முறுகும். வெளியே எடுத்து வச்சா கொஞ்ச நேரம் படபடன்னு தானே பேசும்.

— ரொட்டியா?

— ரொட்டிதான். சூடு ஆறும்போது மேல்தோல்ல விரிசல் விடும், அந்தச் சத்தம். எனக்கு இப்பெல்லாம் கேக்கிறதில்ல. கன்னத்தை ஒட்டி வச்சாத்தான் கேக்கும். வச்சுட்டு நிப்பேன். சூட்டுல கன்னம் சிவந்து போகும்.

— இவ்வளவு பெரிய ரொட்டியை யாரும்மா சாப்பிடுவாங்க?

— நான்தான். பாதி. மீதி காஞ்சு கல்லாயிடும். ஊற வச்சுக் குருவிக்குப் போடுவேன்.

— சின்னதா சுடலாமே.

— சுடலாம். சின்னதா சுட்டா ஒரு ஆளுக்குன்னு ஆயிடும்.

— புரியுதும்மா. எங்க வீட்டுல இன்னும் ரெண்டு டம்ளர் டீ போடுறேன் நான். அதான்.

— அக்கா, ஐயா, ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறீங்க. ஆனா நான் ஒருத்தன் இங்க பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்தவன் இருக்கேன். அந்த ரொட்டியில கொஞ்சம்...

— அது வேகாத ரொட்டிடா! ஓரத்துல மட்டும் பிச்சுத் தரேன், இந்தா. மெல்லக் கடி.

— ஆ! பல்லு பூட்டிக்கிச்சு. இதைத் திறக்க என்னை மாதிரி இன்னொருத்தன் வரணும் போலிருக்கே. ஆனா ருசி... புளிப்பா, நல்லாயிருக்குக்கா.

— மாவு தானாப் புளிச்சது. கடையில விக்கிற ஈஸ்ட் போடறதில்ல நான். அந்தப் புளிச்ச மாவைக் குப்பையில கொட்டத்தான் எடுத்து வச்சேன். நல்லவேளை, இன்னும் கொட்டல. ஜாடியிலதான் இருக்கு, பட்டினியா.

— கொட்டாதீங்கம்மா.

— கொட்டல. இன்னைக்கு அதுக்கு மாவு போட்டாக் கண்ணு முழிச்சுக்கும். ராத்திரி பிசைஞ்சு வச்சா நாளைக்குக் காலையில சுட்டுடலாம். உங்க மகள்கிட்ட எதுவும் மாத்திச் சொல்ல வேண்டாம்.

— நிஜமாவா?

— நிஜமா. ரொட்டிக்கும் சேர்த்து, உங்களுக்கும் சேர்த்துத் தட்டுறேன். பாதி ரொட்டி உங்களுக்கு, குருவிங்க கோவிச்சுக்கட்டும். மிஞ்சின அந்த ஒரு டம்ளர் டீயை இங்க கொண்டு வாங்க.

— கொண்டு வரேன்மா. சக்கரை போடலாமா?

— நிறையப் போடுங்க. ஆனா ஒண்ணு. நீங்க திருப்பித் தட்டுறப்ப கொஞ்சம் மெதுவாத் தட்டுங்க. அதான் உங்க பதில்னு இனிமே எனக்குத் தெரியும், கோபப்பட மாட்டேன். ஆனா முந்தாநேத்து மாதிரி இடிச்சீங்கன்னா என் நெஞ்சு தாங்காது.

— முந்தாநேத்தா?

— மறந்துட்டீங்களா? தினமும் நான் தட்டி முடிச்சதும் மூணு தட்டுவீங்க. சத்தம் போடாதேங்கிறீங்கன்னு நினைச்சு நான் பல்லைக் கடிச்சுக்குவேன். முந்தாநேத்து நான் தட்ட ஆரம்பிக்கல, அதுக்குள்ள தடதடன்னு இடிச்சீங்க பாருங்க, விடவே இல்ல! உப்பு டப்பா கீழ விழுந்து உடைஞ்சுது. அதுலதான் பயந்து போய் ரொட்டியைப் பாதியில எடுத்தேன். நேத்துச் சாயங்காலம் மட்டும் மெல்ல ஒண்ணு, ரெண்டு. நான் அடங்கிட்டேன்னு நக்கல் பண்றீங்கன்னு நினைச்சுத்தான் ரேடியோவை அலற விட்டேன்.

— அம்மா.

— என்ன?

— நான் திருப்பித் தட்டினதே இல்லம்மா.

— சும்மா சொல்லாதீங்க.

— ஒரு நாளும் இல்ல. எனக்குத் தோணவே இல்ல. நீங்க தட்டுவீங்க, நான் இருந்த இடத்துல இருந்தே "எழுந்தாச்சு"ன்னு வாயால சொல்லுவேன். அவ்வளவுதான். முந்தாநேத்து அந்தத் தடதடகூட நீங்கதான் எதையோ உருட்டுறீங்கன்னு நினைச்சேன். மைக்குல பேசினவனுக்குத் தட்டத் தெரியுமா?

— அப்ப இந்தச் சுவர்ல, பலகை இந்தக் கோடியில, இதோ இந்த டப்பா எல்லாம் ஆடுச்சே!

— அது என் சுவர் இல்லம்மா. என் வீடு அடுப்புப் பக்கம். அது... அது கடைசி வீட்டுச் சுவர்.

— அந்த வீட்டுலதான் ஆளே இல்லைன்னீங்களே? டீச்சரம்மாவை மகன் கூட்டிட்டுப் போயிட்டான்னீங்களே?

— அந்தம்மா மகன் ஒரு நாள் வந்தான். பெட்டியோட படி இறங்கிப் போனான். அதுக்கப்புறம் அந்தம்மா மாடிப்படியில தென்படல. அதனால...

— அதனால? கூட்டிட்டுப் போனதைப் பார்த்தீங்களா, போயிருப்பாங்கன்னு நினைச்சீங்களா?

— ...நினைச்சேன்.

— அக்கா. அந்தக் கதவுல... சாவி உள்பக்கமா இருந்துச்சுக்கா.

— பையை மூடாதே தம்பி. என் பூட்டு கிடக்கட்டும். ஓடு. ஐயா, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, அந்த ஸ்டேஷன் குரல்ல கூப்பிடுங்க.

— நீங்க வரலையா?

— நான் இங்கதான் நிக்கணும். கொஞ்ச நேரம் முன்னாடி டப்பா ஆடுச்சு. நான் தட்டினதுல ஆடல அது. தம்பி, துளை போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம் சத்தம் போடாம இரு.

— சரிக்கா.

— தட்டுங்கம்மா.

— டொக், டொக், டொக். டீச்சரம்மா, நான்தான், நடுவீடு. இது ரொட்டிக்கு இல்ல, உங்களுக்குத்தான் தட்டுறேன். பலகையில விரலை வச்சுக்கிட்டு நிக்கிறேன்மா. ஒரே ஒரு தட்டு தட்டுங்க.